தேயிலை மலையில் கண்ட சின்னஞ்சிறு தவளைக் குட்டிகள்: என்ன இனம் என்று எப்படிப் பார்ப்பது?

பொகவந்தலாவப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் மூன்று படங்களை அனுப்பிக் கேட்டிருக்கிறார். முதல் படத்தில், லயத்துக்குப் பின்னால் கரட் பாத்தி கொத்தும்போது மண்ணுக்கும் சருகுக்கும் இடையிலிருந்து துள்ளி வந்த ஒரு மண்நிறக் குட்டி. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்திருக்கிறார், 6 மில்லிமீட்டர் கூட இல்லை. இரண்டாவதில், ரோட்டோரம் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கறுப்புக் குட்டிகள். மூன்றாவதில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வைத்திருந்த பீப்பாயின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று, வால் இன்னும் முழுசாக மறையவில்லை. அவருடைய கேள்வி இதுதான்: இவை தேரைக் குட்டிகளா, தவளைக் குட்டிகளா, என்ன இனம்? முதலாவது கிடைத்த இடத்துக்குக் கிட்ட குளமோ குட்டையோ எதுவுமே இல்லையே, அது எங்கிருந்து வந்தது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. இரண்டாவது படம் சாதாரணத் தேரை, நம் வீட்டு வாசலில் விளக்கடியில் பூச்சி பிடிக்க வரும் அதே தேரையின் குட்டிகள், சந்தேகமே இல்லை. முதலாவது புதர்த்தவளை, சூடோபிலாட்டஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய பல இனங்கள் சேர்ந்த ஒரு தொகுதி. அதற்கு மேல் இனத்தின் பெயரை இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். மூன்றாவது நுரைக்கூடு கட்டும் மரத்தவளைகளில் ஒன்று. இரண்டு பெயர்களில் எது என்பது இன்னும் ஒரு படம் கிடைத்தால் தெரியும்.

இப்போது அந்த முதல் குட்டி. மலைநாட்டில் தவளை பார்க்க ஆரம்பிக்கிற எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது என்ன? தவளை தண்ணீரில் முட்டை போடும், முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வரும், அதற்குக் கால் முளைத்து வால் சுருங்கித் தவளையாகும். வயல்வெளித் தவளைக்கு அது சரி. ஆனால் நம் மலைக்காடுகளிலும் தேயிலை மலைகளின் ஓரத்திலும் வாழும் தவளை இனங்களில் பெரும்பங்கு அப்படி வளர்வதில்லை. சூடோபிலாட்டஸ் பேரினத்தில் இலங்கையில் மட்டும் 70க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, நாட்டில் இருக்கும் மொத்தத் தவளை தேரை இனங்களில் பாதிக்கு மேல் அவைதான். இவற்றுக்குத் தண்ணீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால், கை, வாய் எல்லாம் உருவாகி, முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போதே முழுத் தவளையாக வருகிறது, ஐந்தாறு மில்லிமீட்டர் நீளத்தில், சிலது அதை விடவும் சின்னதாக.

முட்டை போடுகிற விதமும் பார்க்க வேண்டியது. மழை பெய்து ஊறிய மண்ணில், ஆண் முதுகில் ஏறியிருக்க, பெண் பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளி ஒரு சின்னக் குழி பறிக்கும். அதற்குள் முட்டைகளை இட்டு, மண்ணோடு கலந்து, மேலே மூடிவிட்டுப் போய்விடும். முட்டைகளை எடுத்துப் பார்த்தால் வெந்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும், மேலே மண் துகள் ஒட்டியிருக்கும், நாள் ஏறிய முட்டையில் டோர்ச் வெளிச்சம் பட்டால் உள்ளே இரண்டு கறுப்புக் கண்ணும் சுருட்டி மடக்கிய காலும் தெரியும். சில வாரங்கள் அப்படியே மண்ணுக்குள் கிடந்து பொரிக்கும். எல்லா இனமும் மண்ணில்தான் போடும் என்றில்லை, சூடோபிலாட்டஸ் ஃபெமோராலிஸ் என்ற பச்சைநிறத் தவளை இலையின் அடிப்பக்கத்தில் முட்டையை ஒட்டிவைக்கிறது. எப்படியானாலும் குளம் தேவையில்லை. தேவைப்படுவது காயாத மண், சருகு, நிழல், காற்றில் ஈரம். அவர் கண்ட குட்டி எங்கிருந்தும் வரவில்லை, அந்தப் பாத்தி ஓரத்திலேயே பொரித்தது.

ஆக, மலைநாட்டில் ஒரு சின்னஞ்சிறு தவளையைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது நிறத்தை இல்லை. தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடைத்தது, எத்தனை குட்டிகள் இருந்தன, இந்த இரண்டையும்தான். தண்ணீருக்குத் தூரமாக, சருகுக்குள், ஒன்றிரண்டாக, ஒரு சென்ரிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அது புதர்த்தவளையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீர்நிலையின் கரையில், ஒரே அளவில், கூட்டமாக இருந்தால் தேரை.

அடுத்தது விரல் நுனி. இதைப் பார்க்காமல் எழுதப்படும் எந்தப் பெயரும் ஊகம்தான். புதர்த்தவளைக் குட்டியின் விரல்களின் நுனி வட்டமாக விரிந்து ஒரு திண்டு போல இருக்கும், பொரித்து வந்த அன்றைக்கே அது இருக்கும். ஃபோன் படத்தைப் பெரிதாக்கினால் முன்னங்கை விரல்களில் நன்றாகத் தெரியும், பின்னங்காலை விடக் கையில்தான் திண்டு பெரிது. தேரைக்கு அது கிடையாது, விரல் நேராகப் போய் மொட்டையாக முடியும். வயலிலும் ஊற்றங்கரையிலும் இருக்கும் மினர்வர்யா வகைத் தவளைகளுக்கு நுனி கூர்மை. அவர் அனுப்பிய முதல் படத்தில் இடது கை கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மூன்று விரல்களின் நுனித் திண்டுகள் தெரிகின்றன, அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்ல வேண்டும். சின்னதாக இருப்பதெல்லாம் குட்டியில்லை. நம் மலைகளில் 2 சென்ரிமீட்டர் வந்ததுமே முழு வளர்ச்சியடைந்துவிடும் இனங்கள் இருக்கின்றன. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஈரப் புல்வெளிகளில் இருக்கும் மைக்ரோஹைலா சைலானிகா அந்த அளவுதான், புதர்த்தவளைகளிலும் பல ஆண்கள் அந்த அளவைத் தாண்டாது. பார்ப்பவர் "குட்டி" என்று எழுதிவிடுவார், அது நாலு வருடமாக அந்தப் புதரில் இருக்கும் பெரியவராக இருக்கலாம். பிரித்தறிய மிகச் சுலபமான வழி, சத்தம் போடுகிறதா என்று பார்ப்பது. அந்தி நேரத்தில் தேயிலைச் செடியில் இருந்துகொண்டு டிக், டிக் என்று கூப்பிடும்போது தொண்டை உப்பினால் அது வயதுக்கு வந்த ஆண், அளவு என்னவாக இருந்தாலும். சத்தம் இல்லையென்றால் தலையைப் பாருங்கள். குட்டிக்குத் தலையும் கண்ணும் உடம்போடு ஒப்பிட்டால் பெரிதாக இருக்கும், மூக்கு குட்டையாக மழுங்கியிருக்கும், கைகால் மெலிந்து தோலுக்குள் சதை தெரிகிற மாதிரி இருக்கும்.

சரி, இரண்டாவது படம். சாதாரணத் தேரையின் பெயர் டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். மழைக்காலத் தொடக்கத்தில் தேங்கிய தண்ணீரில் நீளமான ஜெலிக் கயிறாக முட்டையிடும், கயிற்றுக்குள் கறுப்பு முட்டைகள் வரிசையாக இருக்கும். வருகிற தலைப்பிரட்டைகளும் கன்னங்கறுப்பு, கரையோரம் கூட்டம் கூட்டமாக நீந்தும். எல்லாம் ஏறக்குறைய ஒரே நாட்களில் கரையேறுவதால்தான் ரோட்டில் கால் வைக்க இடமில்லாமல் குட்டிகளாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீட்டர் அளவு. தாவுவதை விடத் தத்தித் தத்தி நடப்பதுதான் அதிகம். பகலிலும் வெளியே திரியும்.

பெரிய தேரையின் அடையாளமாக எல்லோருக்கும் தெரிந்தவை இரண்டு: கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் நஞ்சுச் சுரப்பி, தலையில் கண்ணைச் சுற்றி ஓடும் கறுப்பு விளிம்பு. குட்டியில் இந்த இரண்டுமே சரியாகத் தெரியாது! சுரப்பி இன்னும் மேலெழுந்திருக்காது, கறுப்பு விளிம்பும் பின்னால்தான் வரும். புத்தகத்தில் இருக்கும் பெரிய தேரையின் படத்தோடு ஒப்பிட்டு, "இது ஒத்துப்போகவில்லை, வேறு ஏதோ அரிய இனம்" என்று முடிவு கட்டுவது இதனால்தான். குட்டிக்குப் பார்க்க வேண்டியவை சொரசொரத்த தோல், திண்டில்லாத விரல்கள், குட்டையான பின்னங்கால், கூட்டம். சிலதில் முதுகில் சின்னச் சின்னச் செம்புள்ளிகள் இருக்கும், அதை வைத்துக் குழம்ப வேண்டாம்.

காட்டுக்குள் ஓடும் ஓடையோரம் கண்ட தேரைக் குட்டி என்றால் மட்டும் ஒருமுறை நின்று யோசியுங்கள். அங்கே அடெனோமஸ் என்ற, இலங்கையில் மட்டுமே வாழும் மெலிந்த தேரைகள் இருக்கின்றன. அதில் அடெனோமஸ் கண்டியானஸ் என்ற இனத்துக்கு 1872இல் பெயர் வைத்தார்கள், அதற்குப் பிறகு யாரும் காணாமல் அழிந்துபோனது என்று பட்டியலிலும் எழுதிவிட்டார்கள், 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் ஓடையொன்றில் திரும்பக் கிடைத்தது. அதே காட்டிலிருந்து, கெலார்ட் என்ற ஆய்வாளர் 1853இல் எழுதிவைத்துப் பிறகு காணாமல்போன சூடோபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ் என்ற புதர்த்தவளையும் அதே 2009இல்தான் திரும்பக் கிடைத்தது, செய்தி 2013இல் வெளிவந்தது. மஸ்கெலியா, பொகவந்தலாவத் தோட்டங்களின் மேல் எல்லையில் தொடங்கும் காடு அது. அங்கே கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கண்ணில் என்ன படும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் இந்த மாதிரிப் படங்களை நான் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

மூன்றாவது படத்தில் வால் இருக்கிறது, குட்டியும் பெரியது, 1.5 சென்ரிமீட்டருக்கு மேல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புதர்த்தவளை கழிந்துவிடும். புதர்த்தவளைக் குட்டி பொரிக்கும்போது சில நேரம் வாலின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வரும், ஆனால் அந்தக் குட்டியே சில மில்லிமீட்டர்தான் இருக்கும், வாலும் சீக்கிரம் மறைந்துவிடும். இவ்வளவு பெரிய உடம்போடு வால் இருந்தால் அது தண்ணீரில் தலைப்பிரட்டையாக நன்றாகத் தின்று வளர்ந்து இப்போதுதான் ஏறியது. விரல் நுனியில் நல்ல பெரிய திண்டு இருக்கிறது, செங்குத்தான பீப்பாயில் ஒட்டி நிற்கிறது. அப்படியென்றால் நுரைக்கூட்டு மரத்தவளை. பீலிக்கரை, தண்ணீர்த் தொட்டி, பீப்பாய் இவற்றுக்கு மேலே தொங்கும் கிளையிலோ சுவரிலோ முட்டைகளை நுரைக்குள் வைத்திருக்கும், பார்த்தால் யாரோ சவர்க்கார நுரையை அப்பிவிட்டுப் போன மாதிரி இருக்கும், தெரியாமல் கழுவிவிடுகிறவர்களும் உண்டு. பொரித்த தலைப்பிரட்டைகள் நுரை கரைந்ததும் கீழே இருக்கும் தண்ணீரில் விழும். பீலிக்கரையில் நுரையைக் கண்டால் கீழே தண்ணீர் இருக்கிற மாதிரி விட்டுவிடுங்கள், அவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

அந்த உயரத்தில் இரண்டு பெயர்கள் வரலாம். ஒன்று பொலிபெடேட்டஸ் குரூசிஜர், கண்டி முதல் கீழே கொழும்பு வரை வீட்டுக் குளியலறைகளில் எல்லாம் குடியிருக்கும் பெரிய மரத்தவளை. மற்றது தருகா ஈக்வெஸ், மலைக்கு மட்டும் உரியது, ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த இடங்களில் பார்க்கலாம். தருகாவுக்குக் குதிகாலில் கூம்பு மாதிரி ஒரு சின்னத் தோல்முனை நீட்டிக்கொண்டிருக்கும், பொலிபெடேட்டஸுக்குக் கிடையாது. குட்டியில் அது மிகச் சின்னதாக இருக்கும், ஆனாலும் காலை மடித்து உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் தெரிய வாய்ப்பு உண்டு. அவர் அனுப்பியது மேலிருந்து எடுத்த படம், அதில் குதிகால் உடம்புக்கடியில் போய்விட்டது.

வேறு சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே பகுதியில் கண்ணில் படக்கூடியவை. மூக்கு கூர்ந்து, தலை ஒடுங்கி, உடம்பு முக்கோணமாக விரிந்திருந்தால் மைக்ரோஹைலா. அதன் தலைப்பிரட்டை கண்ணாடி போலத் தெளிவாக இருந்து தண்ணீரின் நடுவில் அசையாமல் மிதக்கும். முதுகில் நீளநீளமாகத் தோல் மடிப்புகள் ஓடி, கால் நீண்டு, விரல் நுனி கூர்மையாக இருந்தால் மினர்வர்யா. நுவரெலியா மட்டத்தில் அது பெரும்பாலும் மினர்வர்யா கிரீனி. முகத்தின் பக்கவாட்டில் கறுப்புப் பட்டையும் முதுகின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு மடிப்புக் கோடும் இருந்தால் ஆற்றோரத்து இண்டோசில்விரானா. அருவியோரப் பாறையில், தண்ணீர் மெல்லிய படலமாக வழியும் இடத்தில், தட்டையான உடம்போடு ஒட்டிக்கிடந்தால் நன்னோஃப்ரிஸ். இதன் தலைப்பிரட்டை தண்ணீருக்குள் இருக்காது, ஈரப் பாறையின் மேலேயே வாலை அடித்து அடித்து நகரும். முதல்முறை பார்க்கிறவர்கள் பல்லிக்குட்டி என்றே நினைப்பார்கள். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பேரினம் அது.

இனத்தின் பெயரை ஏன் சொல்ல முடியாது என்கிறேன்? காரணம் இருக்கிறது. புதர்த்தவளைகளில் ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறிக்கொண்டே போகும். ஒன்றுக்கு முதுகில் நடுக்கோடு, ஒன்றுக்கு இரண்டு பக்கமும் பட்டை, ஒன்று வெறும் மண்நிறம், மூன்றும் ஒரே இனமாக இருக்கும். மறுபக்கம், வேறு வேறு இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆராய்ச்சியாளர்களே சத்தத்தையும் மரபணுவையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இலங்கையில் இவ்வளவு இனங்கள் இருக்கின்றன என்பதே 2002இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது, அதற்கு முன்னால் விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தார்கள். அப்புறம், பெரிய தவளையில் உதவும் அடையாளங்கள் குட்டியில் இன்னும் வந்திருக்காது. சூடோபிலாட்டஸ் ஷ்மார்டாவின் உடம்பெல்லாம் முள்முள்ளாக, பாசி படர்ந்த மாதிரி இருக்கும், பார்த்ததும் சொல்லிவிடலாம். சூடோபிலாட்டஸ் மைக்ரோடிம்பானம் என்ற இனத்துக்கு செவிப்பறை தெரிகிறதா இல்லையா என்று பார்ப்போம். 6 மில்லிமீட்டர் குட்டியில் இதையெல்லாம் எங்கே தேடுவது? பேரினம் வரை சரியாகச் சொல்லி நிறுத்துவது, தப்பான இனப் பெயரை ஒட்டுவதை விட எவ்வளவோ மேல். தப்பான பெயர் ஒருமுறை பதிவாகிவிட்டால் அந்த இனம் அங்கே இருக்கிறது என்று இன்னொருவர் நம்புவார், வரைபடத்தில் புள்ளி விழும்.

இனத்தை நெருங்க ஓரளவு உதவுவது இடம். இந்தத் தவளைகளில் பல ஒரு மலைத்தொடரைத் தாண்டிப் போவதில்லை. நக்கிள்ஸ் மலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்குள் இருக்கும் சூடோபிலாட்டஸ் மேக்ரோபஸை பொகவந்தலாவவில் தேடக் கூடாது, நடுவில் மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி ஏறத்தாழ 2100 மீற்றர் உயரம், அங்கே இருக்கும் சூடோபிலாட்டஸ் ஆல்ட்டோ கண்டி வீட்டுத்தோட்டத்துக்கு இறங்கி வராது. அதனால் "நுவரெலியா மாவட்டம்" என்று மட்டும் எழுதாமல் தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஃபோன் காட்டும் உயரம், தேதி, முந்தின நாள் மழை பெய்ததா, செடி மேலா தரையிலா, இவ்வளவையும் எழுதிவையுங்கள். காட்டோரமா, தேயிலை நடுவா, கவ்வாத்து வெட்டிய மலையா என்பதும் முக்கியம். கவ்வாத்து வெட்டிய இடத்தில் வெயில் நேராகத் தரைக்கு இறங்கும், மண் காயும், புதர்த்தவளை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

படம் எடுப்பது பற்றி. மேலிருந்து ஒரு படம் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் குறைவாக உதவுவது அதுதான். முகத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள், கண், மூக்கு நுனி, செவிப்பறை மூன்றும் தெரிய வேண்டும். கை விரல்கள் விரிந்திருக்கும்போது ஒன்று. பின்னங்கால் விரல்களுக்கு இடையில் சவ்வு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிய ஒன்று. வயிறும் தொடையின் உட்பக்கமும் தெரிய ஒன்று. புதர்த்தவளைகளில் அந்த மறைவான இடத்து நிறம் பல நேரம் உதவும். இதற்காகத் தவளையைப் புரட்டிப் போட வேண்டியதில்லை. தெளிவான பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியொன்றில் ஈர இலையோடு மெதுவாகத் தள்ளி, மூடி, அடியிலிருந்து எடுத்தால் வயிறு, கால், விரல் எல்லாம் கிடைக்கும். ஓரிரு நிமிடம்தான், நிழலில், அப்புறம் எடுத்த அதே இடத்தில் விட்டுவிட வேண்டும். பெட்டியை வெயிலில் வைத்துவிட்டு ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தால் அந்த அளவுக் குட்டி நிமிடக் கணக்கில் செத்துவிடும். ஃபிளாஷ் போடாமல் பக்கத்திலிருந்து ஒருவர் டோர்ச் பிடித்தால் தோலின் சொரசொரப்பும் தெரியும்.

கையால் தொடுவதைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், நம் பக்கத்தில் இது ஒரு தனிப் பிரச்சினை. காட்டோரம் போனால் அட்டை கடிக்கும் என்று காலிலும் கையிலும் சவர்க்காரம் தேய்ப்போம், உப்பு, எலுமிச்சம்பழச் சாறு, புகையிலைத் தண்ணீர், தைலம் என்று ஆளுக்கொன்று பூசுவோம். மருந்தடித்துவிட்டு வந்த கை, யூரியா போட்ட கை என்றும் இருக்கும். தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது, தோலாலேயே தண்ணீரையும் உறிஞ்சுகிறது. கையில் இருப்பது எதுவானாலும் நேராக அதன் உடம்புக்குள் போகும். அட்டையை விழவைக்கிற உப்பு ஒரு 6 மில்லிமீட்டர் தவளைக் குட்டிக்கு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் ஓடைத் தண்ணீரில் கையை நன்றாக அலசி, ஈரக் கையோடு, அல்லது ஈர இலையால். இன்னொன்று, ஒரு இடத்தில் பிடித்ததை வேறு இடத்தில் விடக் கூடாது. "இங்கே தண்ணீர் இல்லை, பாவம்" என்று புதர்த்தவளைக் குட்டியைக் கொண்டுபோய்க் குளத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல மனசுதான், ஆனால் அதற்கு அந்த இடம் சரிவராது, அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் உதவி. தேசிய பூங்கா, ஒதுக்குக் காடு இவற்றுக்குள் அனுமதியில்லாமல் எதையும் பிடிக்கவே கூடாது, ஹோர்ட்டன் சமவெளியில் பெட்டி வைத்துப் படம் எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம், இருக்கிற இடத்திலேயே எடுங்கள்.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். மரு வைரஸால் வருவது, தேரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரிய தேரையின் சுரப்பியிலிருந்து வரும் பால் கண்ணில் பட்டால் எரியும், நாய் வாயால் கவ்வினால் நுரை தள்ளும், அது உண்மை. தொட்டால் கையைக் கழுவினால் போதும், அடித்துக் கொல்ல ஒரு காரணமும் இல்லை, மரக்கறித் தோட்டத்தில் ராத்திரி முழுக்கப் பூச்சி தின்கிற ஆள் அது.

கரட் பாத்திக்குத் திரும்ப வருகிறேன். அங்கே ஒரு குட்டி இருந்தால் இன்னும் முட்டைகள் மண்ணுக்குள் இருக்கலாம். கொத்தும்போது மண் ஒட்டிய தெளிந்த உருண்டைகள் ஒரு பிடியாக வெளிவந்தால், நத்தை முட்டை என்று தூக்கி எறியாமல் பாருங்கள். நத்தை முட்டை வெள்ளையாக, உள்ளே தெரியாமல் இருக்கும். தவளை முட்டை தெளிவாக இருக்கும், உள்ளே கரு தெரியும். கண்டால் அதே ஈர மண்ணோடு சேர்த்து அள்ளி, பாத்தியின் நிழலான ஓரத்தில், ஒரு விரல் ஆழத்தில் வைத்து, மேலே மண்ணைத் தளர்வாகப் போட்டுச் சருகு மூடிவிடுங்கள். தண்ணீருக்குள் போடக் கூடாது, அழுகிவிடும். அந்த ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லுமருந்து அடிக்காமல், சருகைக் கூட்டாமல் விட்டால் அடுத்த மழைக்கும் அதே இடத்துக்கு வரும். லயத்துப் பின்பக்கக் கான் ஓரம், தவறணையின் (தேயிலை நாற்றுமேடையின்) நிழல் பக்கம், இவையெல்லாம் காட்டிலிருந்து தூரமாக இருந்தாலும் சில புதர்த்தவளை இனங்கள் வாழ்கிற இடங்கள். கண்டிப் பக்கத்தில் சூடோபிலாட்டஸ் ரஸ் என்றது வீட்டுத்தோட்டங்களிலேயே இருக்கிறது. எல்லா இனத்துக்கும் அந்தத் தாங்குசக்தி இல்லை. இந்தப் பேரினத்தில் 15க்கும் மேற்பட்டவை அழிந்துபோய், அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றில் பல கோப்பியும் தேயிலையும் போடக் காடு வெட்டிய காலத்து மலைகளிலிருந்து பிடிக்கப்பட்டவை. மிச்சமிருப்பவற்றில் எது எந்தத் தோட்டத்து ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது என்று முழுசாகத் தெரியாத நிலையில், தோட்டத்தில் இருக்கிறவர்கள் எடுக்கும் படத்துக்கு நிஜமாகவே மதிப்பு இருக்கிறது.

அதனால் எனக்கு இன்னும் மூன்று விஷயம் வேண்டும். முதல் குட்டி கிடைத்த பாத்தியோரத்தில் அந்தி ஆறரை, ஏழு மணிக்கு மழை விட்டதும் நின்று, சுற்றியிருக்கும் செடிகளில் கூப்பிடும் பெரிய தவளைகளின் சத்தத்தை ஃபோனில் ஒரு நிமிடம் பதிந்து அனுப்புங்கள். குட்டியை வைத்து முடியாததைத் தாய் தகப்பன் சத்தத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். கூப்பிடும் ஒன்றைக் கண்டால் முகமும் தொடையும் தெரிய ஒரு படம். பீப்பாயில் இருக்கும் வால்குட்டி இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம்தான் இருக்கும், அதன் குதிகாலைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுங்கள், தருகாவா பொலிபெடேட்டஸா என்பதை அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.